புது டிஸ்க்குக்கு மாறியதும் டிசைன் சாப்ட்வேர் திறக்கவில்லையா? எந்த வழி யாருக்குப் பொருந்தும்

ஆடி மாதம் எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்களுக்கும் டி.டி.பி. கடைகளுக்கும் ஓய்வு மாதம். செங்கோட்டையில் ஆடி நடக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் கர்க்கடகம். இரண்டு பக்கமும் கல்யாணம் இருக்காது. கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்றுவதென்றால் எல்லோரும் இந்த மாதத்தில்தான் கை வைப்பார்கள். இப்போது அதில் முதல் வேலை, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, வேகமான புதுவகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. போடுவது. ஆவணி பிறந்துவிட்டால், அங்கே சிங்ஙம் பிறந்துவிட்டால், தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை, ஆல்பம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

போன ஆடிக் கடைசியில் புளியரையிலிருந்து ஒரு தம்பி சி.பி.யூ.வை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, விண்டோஸ் நல்லா பறக்குது. ஆல்பம் பண்ற சாப்ட்வேர் மட்டும் திறக்கவே மாட்டேங்குது. நாலு பேர்ட்ட கேட்டேன், நாலு வழி சொல்றாங்க" என்றார். ஒருவர் டிரைவ் எழுத்தை, அதாவது சி, டி என்று விண்டோஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயரை, மாற்றச் சொன்னாராம். இன்னொருவர் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னாராம். மூன்றாமவர் குளோன், அதாவது பழைய டிஸ்க்கின் அச்சு அசல் நகல், எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான்காமவர் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். கடைசியைத் தவிர மூன்றும் நல்ல வழிகள். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படங்களும் கோப்புகளும் இருக்கும் டேட்டா டிரைவ் மட்டும் மாறியிருந்தால் எழுத்தைச் சரி செய்யுங்கள். விண்டோஸ் இருக்கும் சி டிரைவே மாறியிருந்து, சாப்ட்வேருக்கு இன்றைக்கும் நடப்பிலுள்ள உரிமம் உங்களிடம் இருந்தால், சாப்ட்வேரை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இனி யாரிடமும் உரிமம் புதுப்பிக்க முடியாத பழைய சாப்ட்வேர் என்றால் மட்டும் குளோனை நம்புங்கள். எந்த வழியில் போனாலும் பழைய டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

ஏன் உடைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. போட்டோஷாப், பிரீமியர், கோரல்டிரா போன்றவை ஒரே ஃபோல்டருக்குள் அடங்கிக் கிடப்பவை அல்ல. புரோகிராம் ஃபைல்ஸில் ஒரு பகுதி, புரோகிராம்டேட்டாவில் ஒரு பகுதி, நம் பெயரில் இருக்கும் ஆப்டேட்டாவில் ஒரு பகுதி, விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் நூற்றுக்கணக்கான வரிகள் என்று பிரிந்து கிடக்கும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ கோப்புகளும் விண்டோஸுக்குள் தனியாக இருக்க வேண்டும். இவற்றோடு உரிமம் எங்கோ ஒரு மூலையில், இந்தக் கம்ப்யூட்டர் இன்னது என்ற அடையாளத்தோடு சேர்த்துப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். இவை எல்லாம் ஒன்றையொன்று முழு முகவரி சொல்லித்தான் கூப்பிடுகின்றன. முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் கூப்பிட்ட குரலுக்கு யாரும் வரமாட்டார்கள்.

அதனால் ஃபோல்டரைக் காப்பி செய்யும் வழியை இங்கேயே தள்ளி வைத்துவிடலாம். புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கின் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து ஃபோல்டரை இழுத்துப் போட்டால் பெரும்பாலும் எம்.எஸ்.வி.சி.பி.140 என்ற டி.எல்.எல். (சாப்ட்வேருக்குத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று முதல் அடி விழும். அதைச் சரி செய்தால் உரிமம் இல்லை என்று அடுத்த அடி. பிளெண்டர் போல, ஜிப் கோப்பாகக் கிடைத்து எங்கே விரித்தாலும் ஓடும் சாப்ட்வேர்களுக்கு மட்டும் இந்த வழி செல்லும். கிரிட்டாவுக்கும் அப்படி ஒரு பதிப்பு உண்டு. அவற்றில் பூட்டு இல்லை, அதனால் சாவியும் தொலையாது.

சரி, அந்தத் தம்பிக்கு நடந்தது என்ன? அவருடைய சி டிரைவ் ஏற்கெனவே சின்ன எஸ்.எஸ்.டி. டி டிரைவாக இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 1 டி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டியிருந்தார். 1 டி.பி. என்று வாங்கியது 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது என்பது அவருடைய முதல் கவலை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது, குறை ஒன்றுமில்லை என்றேன். உண்மையான சிக்கல், புது டிஸ்க் ஈ டிரைவாக உட்கார்ந்திருந்தது. பிளக்-இன் என்ற துணைச் சாப்ட்வேர், பிரஷ், தற்காலிக வேலைக்கு இடம் தரும் ஸ்கிராட்ச் டிஸ்க் எல்லாவற்றுக்கும் சாப்ட்வேருக்குத் தெரிந்த முகவரி டி என்றுதான் தொடங்கும்.

இதற்கு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய், புது டிஸ்க்கை ரைட் கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை டி என்று மாற்றினால் போதும். டி என்ற எழுத்தை டி.வி.டி. டிரைவோ பழைய டிஸ்க்கோ பிடித்து வைத்திருந்தால் முதலில் அதற்கு வேறு எழுத்து கொடுத்து நகர்த்த வேண்டும். விண்டோஸ் இருக்கும் சி டிரைவின் எழுத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. பத்து நிமிட வேலை, செலவு ஒன்றும் இல்லை, தவறினால் திரும்பிப் போகலாம். டேட்டா டிரைவ் மட்டும் மாறிய எல்லோரும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். போட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்க் பற்றிப் புலம்பிவிட்டு மூடிக்கொண்டால், அதைத் திறக்கும்போதே கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திப் பிடியுங்கள். ஸ்கிராட்ச் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வரும். லைட்ரூமில் ஃபோல்டர்கள் மேல் கேள்விக்குறி நின்றால், ரைட் கிளிக் செய்து காணாமல் போன ஃபோல்டரைக் காட்டிக் கொடுங்கள். படங்கள் அப்படியே இருக்கும், லைட்ரூமின் படப் பட்டியலான கேட்டலாக்குக்கு வழிதான் மறந்திருக்கும். பிரீமியரில் மீடியா ஆஃப்லைன் என்று சிவப்பாக வருவதும் இதே கதைதான்.

சி டிரைவே மாறியவர்களுக்கு இவ்வளவு சுலபமாக முடியாது. அங்கேதான் குளோனா, புது இன்ஸ்டாலேஷனா என்ற கேள்வி வருகிறது.

குளோன் எடுத்து, விண்டோஸ் நன்றாக எழும்பி, டிசைன் சாப்ட்வேர் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் உரிமக் கோப்புகளாக இருக்கும். அடோபியில் பிழை எண் 16 என்று வந்தால், புரோகிராம்டேட்டாவுக்குள் அடோபி ஃபோல்டரில் இருக்கும் எஸ்.எல்.ஸ்டோர் என்ற ஃபோல்டரையும், காமன் ஃபைல்ஸுக்குள் இருக்கும் அடோபி பி.சி.டி. ஃபோல்டரையும் பாருங்கள். அவற்றின் பெர்மிஷன் டிஸ்க் மாறியதில் கெட்டிருக்கும். நம் யூசருக்கு முழு அனுமதி கொடுத்தால் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். அடோபியின் பழைய பதிப்புகளான சி.எஸ்.3, சி.எஸ்.4 காலத்து சாப்ட்வேரில் 150:30 என்ற பிழை வந்தால், பெரும்பாலும் உரிமம் பழைய டிஸ்க்கின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். குளோன் எவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தாலும் டிஸ்க் வேறு டிஸ்க்தானே.

பிழை எண்ணே வராமல் லோகோ காட்டிவிட்டு மறைந்துபோனால், கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் பிடித்தபடி போட்டோஷாப்பைத் திறந்து செட்டிங்ஸை அழித்துப் பார்க்கலாம். ஆனால் அதைச் செய்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நம் மாதிரி இந்திய மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் சொல்லாத ஆபத்து இது. சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்புகளில் டைப் பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு தனியாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால்தான் யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழும் மலையாளமும் ஒழுங்காக விழும். செட்டிங்ஸை அழித்தால் அது பழைய நிலைக்குப் போய்விடும். பிறகு அடிக்கும் எழுத்துகளில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அவசரத்தில் ஃபான்ட்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ராத்திரி முழுக்க வேறு ஃபான்ட் தேடியவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு செட்டிங்கைத் திரும்ப மாற்றினால் போதும்.

குளோனுக்கும் புது இன்ஸ்டாலேஷனுக்கும் இடையே தீர்ப்புச் சொல்வதற்கு முன் நான் பழைய டிஸ்க்கின் உடம்பைப் பார்ப்பேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. அதில் டிஸ்க் நீலமாகவோ பச்சையாகவோ நல்லது என்று காட்டினால் குளோன் எடுக்கலாம். மஞ்சள் காட்டினால், அதாவது டிஸ்க்கின் சிறு பகுதிகளான செக்டர்கள் கெட்டு வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், குளோன் அந்த நோயையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். விண்டோஸ் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். ஆனால் எங்கோ ஒரு டி.எல்.எல். பாதி படிக்கப்பட்டுக் கெட்டிருக்கும், பெரிய ஃபைலைத் திறக்கிற நேரம் பார்த்து எல்லாம் விழும். அந்தக் குளோனைத் திரும்பத் திரும்ப எடுத்தாலும் பயனில்லை.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் குளோனின் வசதி பெரியது என்பதை மறுக்க மாட்டேன். ஆக்ஷன் (பதிவு செய்து வைத்த வேலை வரிசை), பிரஷ், ஃபான்ட், கீபோர்டு, பிரிண்டர் புரொஃபைல் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கிளோனசில்லா இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. சில எஸ்.எஸ்.டி. கம்பெனிகள் தங்கள் டிஸ்க்குக்கென்றே குளோன் சாப்ட்வேர் தருகிறார்கள், அதில் வேலை இன்னும் எளிது. நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 400 ஜி.பி. நிரம்பிய டிஸ்க்கைப் பழைய யூ.எஸ்.பி. 2 கேபிள் வழியாக எடுத்தால் நொடிக்கு 30 எம்.பி. வேகத்தில் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அதே வேலை யூ.எஸ்.பி. 3 கேஸ் வழியாக 100 எம்.பி. வேகம் கிடைத்தால் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேல். சாரல் நாளில் கரண்ட் போய்ப் போய் வருகிற எங்கள் ஊரில் இந்த வித்தியாசம் முக்கியம். யு.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. குளோன் முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்த பிறகே புதியதிலிருந்து முதல் முறை ஆன் செய்யுங்கள். இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பி ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும், டிரைவ் எழுத்துகளும் கலைந்துவிடும். குளோன் சரியில்லை என்று சொல்லப்படும் பல கேஸ்களில் குளோன் சரியாகவே இருந்திருக்கிறது, இந்த ஒரு படியைத்தான் விட்டிருப்பார்கள்.

புது இன்ஸ்டாலேஷனில் இரண்டு அளவு உண்டு. விண்டோஸிலிருந்தே எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது ஒன்று. விண்டோஸை விட்டுவிட்டு, தகராறு செய்யும் சாப்ட்வேரை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவது இன்னொன்று. முதலாவது ஒரு முழு நாளைச் சாப்பிடும். பழைய டிஸ்க் மஞ்சள் காட்டினால், அல்லது இன்னும் விண்டோஸ் 10-லேயே இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, எப்படியும் ஒரு நாள் மாறத்தான் வேண்டும். மற்ற எல்லோருக்கும் இரண்டாவது போதும். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா இருப்பவர்கள் முதலில் சைன் அவுட் செய்யுங்கள், பிறகு சாப்ட்வேரை எடுங்கள், மிச்சம் மீதி இருந்தால் அடோபியே தரும் கிளீனர் டூலை ஓட்டுங்கள், அப்புறம் திரும்பப் போடுங்கள். ஒரு தனிநபர் சந்தாவை இரண்டு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்து வைக்கலாம். மூன்றாவதாகக் கணக்கு வந்தால் பழையதை விலக்கும் வசதி சைன் இன் செய்யும்போதே வரும்.

எடுப்பதற்கு முன் ஆக்ஷன்களையும் பிரஷ்களையும் தனியாகச் சேமித்து வையுங்கள். ஆல்பம் ஸ்டுடியோவின் சொத்தே அந்த ஆக்ஷன்கள்தான். சேமிக்காமல் பேனலில் மட்டும் வைத்திருந்தால் சாப்ட்வேரோடு சேர்ந்து அவையும் போய்விடும். போட்டோஷாப்பின் எடிட் மெனுவில் பிரீசெட்களை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அதோடு ஆக்ஷன்களை ஒரு .ஏ.டி.என். கோப்பாகவும் எழுதி வைத்துக்கொண்டால் மனம் நிம்மதியாக இருக்கும்.

உரிமம் புதுப்பிக்க முடியாத பழைய சாப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்குப் புது இன்ஸ்டாலேஷன் மூடப்பட்ட வழி. அடோபி தன் சி.எஸ்.2, சி.எஸ்.3 ஆக்டிவேஷன் சர்வர்களை மூடிவிட்டது. பெட்டியில் காசு கொடுத்து வாங்கிய சி.டி. கையில் இருந்தாலும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்பப் போட்டால் அது உயிர் பெறாமல் போகலாம். இவர்கள் டிஸ்க்கின் ஒரு பிரிவான பார்ட்டிஷனை மட்டும் எடுக்காமல், டிஸ்க் முழுவதையும் அப்படியே குளோன் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும் 150:30 வந்தால், பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டி ஓட்டுவதுதான் மிச்சமிருக்கும் வழி. யூ.எஸ்.பி.யில் செருகும் உரிமச் சாவியான டாங்கிளோடு வந்த இந்திய மொழி சாப்ட்வேர்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. பூட்டு டிஸ்க்கில் இல்லாமல் டாங்கிளில் இருப்பதால் டிரைவர் போட்டால் எழுந்துகொள்ளும்.

சாப்ட்வேர் திறந்துவிட்டது என்றவுடன் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள் ஃபான்ட்டில் மாட்டுகிறார்கள். எங்கள் எல்லையில் இது எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. பெண் தென்காசி, மாப்பிள்ளை புனலூர் என்றால் பத்திரிகையின் ஒரு பக்கம் பாமினி என்ற தமிழ் ஃபான்ட்டில் இருக்கும், மறு பக்கம் எம்.எல். கார்த்திகா என்ற மலையாள ஃபான்ட்டில் இருக்கும். இரண்டுமே யூனிகோடுக்கு முந்தைய வழியில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்துகளைப் பொருத்திய ஃபான்ட்கள். ஃபான்ட் இல்லையென்றால் மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிற்கும். தெரியாமல் அந்த லேயரைக் கிளிக் செய்து, மாற்று ஃபான்ட்டை ஏற்று, சேவ் செய்தால் டிசைனரின் அளவும் இடைவெளியும் போய்விடும்.

பழைய டிஸ்க்கிலிருந்து விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டை ரைட் கிளிக் செய்து சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் அது நம் யூசரின் ஆப்டேட்டாவுக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய் உட்காருகிறது. அந்த ஃபோல்டரையும் எடுக்க வேண்டும். புதியதில் போடும்போது எல்லா யூசருக்கும் என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய டிசைன் சாப்ட்வேர்கள் சில, யூசருக்குள் ஒளிந்திருக்கும் ஃபான்ட்டைப் பார்ப்பதே இல்லை.

சில வருஷம் முன்பு நான் ஒரு கடையில் டிஸ்க் மாற்றக் கொடுத்தேன். குளோன் எடுத்த அன்று இரவே பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, காலையில் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்போடு கையில் கொடுத்தார்கள். மறுநாள் பத்து வருஷமாக உழைத்த ஒரு சாப்ட்வேர் ஆக்டிவேஷன் கேட்டது. கேட்க வேண்டிய சர்வர் உலகத்திலேயே இல்லை. அதில் செய்து வைத்த நூற்றுக்கும் மேற்பட்ட டிசைன்களைத் திறக்க இன்றும் வழியில்லை, அவற்றில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரின் கடைசிப் படங்களும் இருக்கின்றன. அதனால்தான் பழைய டிஸ்க்கைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பழைய டிஸ்க்கை விற்று வரும் சில நூறு ரூபாயோ, இன்னொரு பேக்கப் டிஸ்க் வாங்காமல் மிச்சமாகும் காசோ அதற்கு ஈடாகாது.

தம்பியின் கம்ப்யூட்டரில் டிரைவ் எழுத்தை மாற்றியதும் சாப்ட்வேர் திறந்தது. உடனே நான் அவரிடம் ஒரு பழைய மலையாளப் பத்திரிகையைத் திறக்கச் சொன்னேன். தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தாக வந்தது. ஃபான்ட்கள் பழைய டி டிரைவில், எப்போதோ பிரித்து வைத்த ஒரு ஜிப்பில் இருந்தன. நல்லவேளையாக அந்த டிஸ்க்கை அவர் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. நாற்பதோ என்னவோ ஃபான்ட், எல்லாவற்றையும் எல்லா யூசருக்கும் என்று போட்டு முடிக்க மாலை ஆனது. டிஸ்க்கை ஆன்ட்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு, மேலே தேதியும் உள்ளே இருக்கும் சாப்ட்வேர்களின் பெயரும் எழுதி ஒட்டச் சொன்னேன். "எவ்வளவு நாள் வைக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆவணிக் கல்யாணம் முடிந்து, கார்த்திகை மண்டலத்துக்கான ஐயப்பன் பிளக்ஸ் வேலையும் முடிந்து, கடைசியாக எல்லா சாப்ட்வேரையும் ஒரு முறை திறந்து, இரண்டு மொழியிலும் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்க்கிற வரை என்றேன். தை பிறந்த பிறகு அவரே போன் செய்தார். அந்த இடைவெளியில் இரண்டு முறை பழைய டிஸ்க்கை மாட்டி ஏதோ ஒரு பிளக்-இன்னை எடுக்க வேண்டியிருந்ததாம்.